கண் இல்லாத கிழங்கு

மே மாதத்தில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றவர்கள் பிரையண்ட் பூங்காவை மறந்திருக்க மாட்டீர்கள். வனத்துறை அதிகாரியாக இருந்த பிரையண்ட் என்பவர் 1908-இல் அமைத்த பூங்கா அது. மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் கூட்டம் அதிகமாக நின்று பார்ப்பது அங்குள்ள டேலியாப் பாத்திகளைத்தான். சில வகைகளின் பூ ஒரு சிறு தட்டு அளவு இருக்கும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா, ஒரே பூவில் இரண்டு நிறம் என எத்தனையோ உண்டு. நல்ல நீலம் மட்டும் கிடையாது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடியாதலால், நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு தலை. இதழ் என்று நினைத்து நாம் பிய்ப்பது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ.

“இந்தப் பூ நம்ம ஊர்ல வருமா, சார்?” என்று சுற்றுலாவில் ஒரு மாணவன் என்னைக் கேட்டான். நம்ம ஊர் என்றால் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு உள்ள ஊர். ஆற்றின் இரு மருங்கும் வாழையும் நெல்லும்; சற்று விலகினால் தேரியும் பனையும்; கிழக்கே போனால் கடல். மலைப்பூவுக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு? வரும் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை, வராது என்று சொல்லவும் தெரியவில்லை. நான் இயற்பியல் ஆசிரியன். நட்டுப் பார்த்துவிடலாம் என்று தொடங்கிய அந்த வேலை நான்கு ஆண்டுகள் இழுத்துவிட்டது.

சங்கை அறுத்தால் முளைக்குமா?

2022 ஜனவரியில் கொடைக்கானலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். குளிரில் கருகிப்போன டேலியாச் செடிகளை அவர் தோண்டி எடுத்துக் கொண்டிருந்தார். ஒவ்வொரு செடியின் அடியிலும் சிறு கிழங்குகள் ஒரு சீப்பு வாழைக்காய்போல் கொத்தாக இருந்தன. தோண்டும்போது சில கிழங்குகள் முறிந்து தனியே கூடையில் கிடந்தன. “வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் நண்பர். சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்குவதுபோல், கூடையில் கிடந்தவற்றுள் நன்றாகப் பருத்தவையாக ஏழு எடுத்தேன். பை நிரம்பவில்லையே என்று அவர் ஒரு மெலிந்த கிழங்கையும் உள்ளே போட்டார். அதன் தலையில் பழைய தண்டின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

எட்டையும் வீட்டுத் தோட்டத்தில் நட்டேன். மூன்றாம் வாரத்தில் மெலிந்தது மட்டும் முளைத்தது. மற்ற ஏழும் வரவில்லை. நாற்பது நாள் பொறுத்துத் தோண்டிப் பார்த்தேன். அழுகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அழுகவில்லை! கிழங்கு கெட்டியாக இருந்தது. வாலிலிருந்து வெள்ளை வேர்கள்கூட ஓடியிருந்தன. உயிர் இருக்கிறது, நீர் உறிஞ்சுகிறது, மேலே மட்டும் ஒரு முளையும் இல்லை.

பக்கத்து வாழைத் தோட்டத்து அண்ணாச்சி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஒரு கிழங்கை வாங்கிப் புரட்டினார்.

“சார், சங்கை அறுத்துப்போட்டு நட்டிருக்கீயளே, அது எப்படி முளைக்கும்?”

டேலியாவை அவர் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் கிழங்கைக் கண்டிருக்கிறார்.

எது கிழங்கு?

மண்ணுக்குள் பருத்திருப்பதை எல்லாம் நாம் கிழங்கு என்கிறோம். சமையலுக்கு அது போதும், நடுவதற்குப் போதாது. உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இதைச் சோதிக்கலாம். ஓர் உருளைக்கிழங்கை எடுத்துப் பாருங்கள். அங்கங்கே சிறு குழிகள் இருக்கும். அவற்றைக் கண் என்கிறோம். ஒவ்வொரு கண்ணும் ஒரு கணு. அதில் மொட்டு இருக்கிறது. கணுவும் மொட்டும் தண்டுக்கு உரியவை. ஆகவே உருளைக்கிழங்கு மண்ணுக்குள் வளர்ந்தாலும் ஒரு தண்டே. துண்டு போட்டு நட்டாலும், துண்டில் ஒரு கண் இருந்தால் முளைக்கும்.

இப்போது மரவள்ளிக் கிழங்கை எடுங்கள். எவ்வளவு தேடினாலும் கண் கிடைக்காது. அது வேர். வேரில் கணு இல்லை. அதனால்தான் மரவள்ளி பயிரிடுவோர் கிழங்கை நடுவதில்லை. கணுக்கள் உள்ள தண்டை ஒரு சாண் துண்டாக வெட்டி நடுகிறார்கள். சர்க்கரைவள்ளியும் வேர்தான், ஆனால் அது ஒரு விதிவிலக்கு: இல்லாத இடத்தில் புதிதாக மொட்டை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. அடுக்களை மூலையில் மறந்து கிடந்த சர்க்கரைவள்ளி தளிர் விடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். வாழை மரம் என்று நிற்பது இலைக் காம்புகளின் உறைகள் ஒன்றையொன்று சுற்றிய பொய்த்தண்டு. மெய்யான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கட்டையே. அதிலுள்ள மொட்டுகள்தாம் பக்கக் கன்றுகளாக எழுகின்றன. பொங்கல் சமயத்தில் தூத்துக்குடிப் பக்கம் குவியும் பனங்கிழங்கோ இந்தக் கணக்கிலேயே சேராது. அது பனங்கொட்டையிலிருந்து முளைத்த நாற்று. மண்ணுக்குள் பருத்த இளம் பனையைத்தான் அவித்துத் தின்கிறோம்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு இன்னும் வேடிக்கையானது. கலப்பைபோல் வளைந்து இரண்டு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு மொட்டு. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை வீண். (அதைத் தோண்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அதில் கோல்ச்சிசின் என்னும் கடும் நஞ்சு உண்டு.)

டேலியா எந்த வகை? அது வேர்க்கிழங்கு. மரவள்ளியைப்போல் அதன் உடம்பில் கண் கிடையாது. சர்க்கரைவள்ளியின் வித்தையும் அதற்குத் தெரியாது. கிழங்கு தன் மெல்லிய கழுத்தால் பழைய தண்டின் அடியில் ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டுமிடத்தில், தண்டின் அடிப்பகுதியில், கடுகு அளவில் சில மொட்டுகள் இருக்கின்றன. செடி வருவது அங்கிருந்துதான். கீழே உள்ளது சேமிப்புக் கிடங்கு மட்டும். நான் கிடங்கை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடைக்கானலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நண்பர் போட்ட மெலிந்த கிழங்கில் தண்டின் துண்டு இருந்தது. ஆகவே அது முளைத்தது. மார்ச் கடைசியில் மூன்று சிவப்புப் பூக்கள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது! வெட்கமாகத்தான் இருந்தது.

கிடங்கில் என்ன இருக்கிறது?

முளைக்காத ஏழு கிழங்குகளை வீணாக்க மனமில்லை. ஒன்றை நறுக்கி, உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றின் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் நீர்த்த அயோடின் கரைசலைச் சொட்டினேன். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரைக் கேட்டு நீங்களும் இதைச் செய்யலாம். உருளைக்கிழங்கு உடனே கருநீலமாகிறது. அது மாவுப்பொருளின் அடையாளம். டேலியாத் துண்டில் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நிற்கிறது. அப்படியானால் உள்ளே உணவு இல்லையா?

இருக்கிறது. அது இனுலின். 1804-இல் ஜெர்மானிய அறிவியலார் வாலன்டைன் ரோஸ் வேறொரு செடியின் வேரிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள். மாவுப்பொருள் குளுக்கோசு மூலக்கூறுகளின் சங்கிலி. இனுலின் பழங்களில் உள்ள ஃபிரக்டோசின் சங்கிலி. நீரிழிவு நோய்க்குக் கொடுக்கும் இன்சுலின் வேறு, இது வேறு. பெயர் ஒற்றுமையில் ஏமாற வேண்டாம். தாவரவியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள் டேலியாக் கிழங்கைச் சாராயத்தில் ஊறப்போட்டு, மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். விசிறிபோல் கோடுகள் விரிந்த உருண்டைப் படிகங்கள் தெரியும். அழகான காட்சி.

சர்க்கரையை அப்படியே வைத்திராமல் ஏன் சங்கிலியாகக் கோத்து வைக்கவேண்டும்? இது இயற்பியலார் கேட்கும் கேள்வி. சவ்வூடு பரவல் அழுத்தம் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது; துகள் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததன்று. முப்பது சர்க்கரை மூலக்கூறுகள் தனித்தனியே இருந்தால் முப்பது துகள். ஒரே சங்கிலியானால் ஒரு துகள். தனித்தனியே வைத்தால் செல் அளவுக்கு மீறி நீரை இழுத்துக்கொள்ளும். கோத்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. முளைவிடும் காலத்தில் செடி சங்கிலியை அவிழ்த்துச் செலவு செய்கிறது.

இந்த இனுலினை நம் உடல் செரிப்பதில்லை. ஊசிமூலம் இரத்தத்தில் செலுத்தினால் சிறுநீரகம் அதை வடிகட்டி அப்படியே வெளியேற்றிவிடுகிறது. ஆகவே சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அளக்க மருத்துவர்கள் இதனை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தியுள்ளனர்.

உதகைக்கு ஓர் அண்ணன்

டேலியாவின் தாயகம் மெக்சிகோவும் அதை அடுத்த மலைநாடுகளும். 1789-இல் மெக்சிகோ நகரத் தாவரவியல் தோட்டத்திலிருந்து விதைகள் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடுக்குப் போயின. அங்கே கவனில்லஸ் என்னும் பாதிரியார் அவற்றை வளர்த்து, 1791-இல் பெயர் சூட்டினார். சுவீடன் நாட்டுத் தாவரவியலாரும் லின்னேயசின் மாணவருமான ஆந்திரஸ் டால் என்பவர் நினைவாக வைத்த பெயர் அது. கணக்காகச் சொன்னால் டாலியா என்றே சொல்லவேண்டும். ஆங்கிலேயர் வாயில் டேலியாவாகி, நம் தோட்டக்காரர் வாயிலும் அப்படியே நிலைத்துவிட்டது. ஐரோப்பியர் முதலில் இதைச் சமைத்துத் தின்னவும் முயன்றனர். உருளைக்கிழங்கின் முன் அது நிற்கவில்லை. 1963-இல் மெக்சிகோ இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது.

இப்போது நிலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலத்தின் உயரமும் அதே 2,240 மீட்டர்! இரண்டுமே வெப்பமண்டலத்துக்குள் உள்ள மலையூர்கள். 1848-இல் மெக்ஐவர் உதகையில் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தில் டேலியா செழித்ததில் வியப்பில்லை, தாய்வீட்டுக்கு வந்ததுபோல்தான். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேல். ஆக, அதற்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையில் சுமார் 13, 14 டிகிரி வித்தியாசம்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள்: “மலைச்செடி, சமவெளியில் வராது.” ஆனால் கொல்கத்தாவும் டெல்லியும் சமவெளிதானே? அங்கெல்லாம் குளிர்காலத்தில் தட்டு அகல டேலியா பூக்கிறது. நம் ஊர்க் குளிர்காலம் அவ்வளவு குளிர்ந்தது அன்று. ஜனவரி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இருந்தாலும் மெலிந்த கிழங்கு பூத்துக் காட்டிவிட்டதே. எனக்கு நேர்ந்த சிக்கல் பூக்கும் காலத்தில் வரவில்லை, தூங்கும் காலத்தில் வந்தது.

மெக்சிகோ மலைகளில் மழைக்காலம் கோடையில். மே முதல் அக்டோபர் வரை. குளிர்காலம் வறண்டது. அந்த வறட்சியைத் தாண்டத்தான் செடி கிழங்கைச் சேர்த்தது. மேலே தண்டு கருகும், கீழே கிழங்கு குளிர்ந்த மண்ணில் தூங்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். வறட்சி பங்குனி முதல் ஆடி, ஆவணி வரை. அதாவது நம் வறட்சி வெயிலோடு சேர்ந்து வருகிறது. குளிரில் தூங்கப் பழகிய கிழங்கை நாம் அடுப்பின் மேல் தூங்கச் சொல்கிறோம்.

தூங்கும்போதும் செலவு

தூங்கும் கிழங்கும் சுவாசிக்கிறது. சுவாசித்தல் என்றால் சேமித்த சர்க்கரையை மெல்ல எரித்தல். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இந்தச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது உயிரினங்களுக்கான ஒரு தோராய விதி. 10 டிகிரியில் ஒரு பங்கு செலவு என்றால், 20 டிகிரியில் இரண்டு, 30 டிகிரியில் நான்கு. குளிர்ந்த மண்ணில் நான்கு மாதத்துக்கு வரும் சேமிப்பு, நம் வீட்டு அலமாரியில் ஒரு மாதத்தில் தீரலாம். போதாக்குறைக்கு டேலியாக் கிழங்கின் தோல் மிக மெல்லியது. உருளைக்கிழங்கின் தோலைப்போல் நீரைக் கட்டிப்போடத் தெரியாது. 2022 ஏப்ரலில் தோண்டி, காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்த கிழங்கை ஆகஸ்டில் பிரித்தேன். சுக்கு! கையில் எடுத்தபோது எடையே இல்லை.

அடுத்த ஜனவரியில் நண்பரிடம் மறுபடி போனேன். இம்முறை தண்டோடு கூடிய கொத்துகளாகவே கேட்டு வாங்கினேன். பூத்து முடிந்ததும் ஐந்து கொத்துகளைத் தோண்டி எடுத்து, கோடையைத் தாண்டுவதற்குப் பானையை நம்பினேன். ஒரு பெரிய மண்பானைக்குள் ஒரு சிறிய மண்பானை. இடைவெளியில் ஆற்று மணல். மணலில் காலையும் மாலையும் நீர். மேலே நனைத்த சாக்கு. நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா 1990-களில் காய்கறி கெடாமலிருக்க ஊர் ஊராகப் பரப்பிய அமைப்பு இது. உள்ளே சிறு பானையில் உலர்ந்த மணலும் அதற்குள் கிழங்குகளும்.

பானை ஏன் குளிர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அது பானையிலிருந்தும் உள்ளே இருப்பதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆனால் எவ்வளவு குளிரும்? வேண்டிய மட்டும் குளிரும் என்று நினைத்தால் தவறு. இரண்டு வெப்பநிலைமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டையும் காற்றில் பிடியுங்கள். ஈரக்குமிழ் காட்டும் அளவுக்குக் கீழே எந்த மண்பானையும் இறங்காது. அதுதான் எல்லை. ஆனி, ஆடியில் நம் பக்கம் வீசும் மேல்காற்று வறண்டது; ஆகவே பானைக்கு அது நல்ல காலம். ஒரு நண்பகலில் வெளியே 36, ஈரக்குமிழில் 26, பானைக்குள் 28 டிகிரி. எட்டு டிகிரி இறக்கம்! ஆனால் கிழங்குக்கு வேண்டியது பத்து டிகிரிக்கு அருகில். கணக்குப் பார்த்தால், 36 டிகிரியில் ஆறு மடங்கு செலவு. 28 டிகிரியில் மூன்றரை மடங்கு. பாதிக்குப் பாதி மிச்சம் என்று வேண்டுமானால் சொல்லலாம். பானை செய்த பெரிய உதவி வேறு: உள்ளே காற்று ஈரமாக இருந்ததால் கிழங்கு சுக்காகவில்லை. ஆனால் அதே ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து மூன்று கொத்துகள் போயின. இரண்டு தப்பின. செப்டம்பர் கடைசியில் அவற்றின் கழுத்தில் கடுகு அளவு சிவப்பு முளைகளைக் கண்டபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீருக்குள் மூச்சு

தப்பிய இரண்டையும் 2023 அக்டோபரில் தரையில் நட்டேன். டிசம்பரில் இடுப்பு உயரம் வளர்ந்து மொட்டு வைத்தன. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளைத் தாமிரபரணிக் கரைக்காரர் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழைக்கும் மேல். எங்கள் ஊர் நிலையத்தில் நின்ற ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தனர். வீடுகளும் வாழைத் தோட்டங்களும் நீரில் நின்றன. அந்த இழப்பின் முன் இரண்டு டேலியாச் செடிகளைப் பற்றிப் பேசுவது சிறுபிள்ளைத்தனம். எனினும் வாழைக்கட்டைக்கும் டேலியாவுக்கும் நேர்ந்தது ஒன்றே ஆகையால், அதைப் புரிந்துகொள்வது நல்லது.

வெள்ளம் வடிந்தபின் தோண்டினேன். கிழங்கு கூழாகி நாறியது. நீர் என்ன செய்தது? வேருக்கும் கிழங்குக்கும் ஆக்சிஜன் வேண்டும். அது மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்று வழியே பரவி வருகிறது. இடுக்குகளை நீர் நிரப்பினால் ஆக்சிஜன் நீரின் வழியே பரவியாக வேண்டும். நீரில் அதன் பரவல், காற்றில் உள்ளதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவானது. தோராயமாக ஒரு கணக்கு: அசையாத காற்றில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு அங்குமிங்கும் முட்டிமோதி 10 செ.மீ. தூரம் போய்ச் சேர நான்கு நிமிடம் ஆகுமென்றால், அசையாத நீரில் அதே தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். கிழங்கு நடும் ஆழம் அந்த 10 செ.மீ. தான். ஒரு மாதம் மூச்சு வராமல் எது பிழைக்கும்? காற்றில்லா நிலையில் செல்கள் மடிய, ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிரிகள் மீதியை முடிக்கின்றன.

அப்படியானால் எப்படி வளர்ப்பது?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். 2024-இல் தரையை விட்டுத் தொட்டிக்கு மாறினேன். ஒரு அடிக்குக் குறையாத வாயுள்ள மண்தொட்டி, அடியில் ஓட்டை, ஓட்டின்மேல் ஓடு. செம்மண், ஆற்று மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு. அடைமழை பெய்தால் தொட்டியைத் திண்ணைக்கு நகர்த்திவிடலாம். வெள்ளத்துக்கும் மழைக்கும் அதுவே பதில்.

கொத்தைப் பிரிப்பதுதான் நுட்பமான வேலை. அவசரப்படாதீர்கள். கொத்தை ஈர மணலில் கழுத்துவரை புதைத்து நிழலில் பத்து நாள் வைத்தால் முளைகள் கண்ணுக்குத் தெரியும்படி உப்பும். பிறகு கூரிய கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிழங்கு, முறியாத கழுத்து, முளையுள்ள தண்டுத் துண்டு மூன்றும் இருக்குமாறு வெட்டுங்கள். கிழங்கின் பருமனைப் பார்க்க வேண்டியதில்லை. விரல் அளவு கிழங்கே போதும். வெட்டுவாயில் கந்தகத் தூளோ சாம்பலோ தடவி ஒரு நாள் காயவிடவும்.

முதலில் ஊன்றுகோலை நடுங்கள், பிறகு கிழங்கை. மாற்றிச் செய்தால் கோல் கிழங்கைக் குத்தும். முளை மேலே பார்க்க, கிழங்கு படுத்தவாக்கில், நான்கு விரல் ஆழத்தில் வைத்து மூடுங்கள். முளை வெளியே தெரியும்வரை நீர் ஊற்றக் கூடாது. மண்ணிலுள்ள ஈரமே போதும். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. செடி நட்டால் தண்ணீர் ஊற்றாமல் கை சும்மா இருப்பதில்லை! நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். பூ பெரிதாக வேண்டுமானால் ஒவ்வொரு காம்பிலும் நடு மொட்டை மட்டும் விட்டு, இரு புறமும் உள்ள மொட்டுகளைக் கிள்ளிவிடவும்.

கிழங்கு அரிதாக இருந்தால் கொல்கத்தா தோட்டக்காரர் முறையைப் பின்பற்றலாம். கோடை தாண்டிய கிழங்கை முளைக்கவிட்டு, முளைகள் ஒரு விரல் நீளம் வந்ததும் கணுவுக்குக் கீழே வெட்டி மணலில் குத்தி வைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். ஒரே கொத்திலிருந்து பல செடிகள் கிடைக்கும். அவையே தங்கள் அடியில் புதுக் கிழங்கும் வைக்கும். கிழங்கே கிடைக்காதவர்கள் செப்டம்பர், அக்டோபரில் விதை போடலாம். பூவின் நிறம் தாய்ச்செடியைப்போல் இராது. டேலியாவுக்கு எட்டுத் தொகுதிக் குரோமோசோம்கள்; ஒவ்வொரு விதையும் ஒரு குலுக்கல் சீட்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒரு சோதனையை உங்களுக்கு விட்டுவைக்கிறேன். லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி, குளிர்காலப் பகல் எட்டு மணிக்கும் குறைவு. ஸ்ரீவைகுண்டத்தில் ஜூன் 21-இல் பகல் 12 மணி 37 நிமிடம். டிசம்பர் 22-இல் 11 மணி 37 நிமிடம். ஆண்டு முழுவதுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்தான். டேலியா இரவின் நீளத்தை அளக்கும் செடி. இரவு நீண்டால் வளர்ச்சியைக் குறைத்துக் கிழங்கைப் பருக்க வைக்கத் தொடங்கும். நம் குளிர்காலப் பகல் 12 மணிக்குக் குறைவானதால் இங்கே செடி குட்டையாகவே கிழங்கு வைக்கப் போய்விடுகிறதோ என்பது என் ஐயம். வணிக முறையில் பூ வளர்ப்போர் விளக்கேற்றிப் பகலை நீட்டுவது உண்டு. ஒரே கொத்திலிருந்து பிரித்த இரண்டு துண்டுகளை ஒரே அளவுத் தொட்டிகளில் நடுங்கள். ஒன்றைத் திண்ணை விளக்கின் அடியில் வைத்து, பொழுது சாய்ந்தபின் இரண்டு மணி நேரம் விளக்கை எரியவிடுங்கள். மற்றது இருட்டில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை உயரத்தை அளந்து எழுதுங்கள். பூத்து முடிந்தபின் இரண்டையும் தோண்டி, மண்ணைக் கழுவி, கிழங்குகளைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

நான் 2025 ஜனவரியில் தொட்டியில் ஏழு பூக்கள் எடுத்தேன். பெரியது 11 செ.மீ. அகலம். அண்ணாச்சிக்கு ஒன்று கொடுத்தேன். அவர் பூவை வாங்கிப் பார்த்துவிட்டுக் கிழங்கு இருந்தால் ஒன்று தரச் சொன்னார். கொடுக்கும்போது, அவரே கழுத்தைத் தடவிப் பார்த்து முளை இருக்கிறதா என்று தேடினார்.